டிரிப்லெட்டும் பீமும் கணக்கில் நிற்காதபோது: அறிகுறி வாரியாகத் திருத்தும் முறை

நொட்டேஷன் மென்பொருளில் பிறர் எழுதிய இசைத்தாள்களைச் சரிபார்த்து, வாசிப்பவர் கையில் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவது என் அன்றாட வேலை. என்னிடம் வரும் கோப்புகளில் சுருதிப் பிழைகள் குறைவு. பெரும்பாலானவை தாளக் குழுக்களின் பிழைகள்: இரண்டு நோட்டுகளின் காலத்தில் மூன்று அமர வேண்டிய டிரிப்லெட், நான்கின் காலத்தில் ஐந்து அமர வேண்டிய குழு, இவற்றையும் சாதாரண நோட்டுகளையும் சேர்த்துக் கட்டும் பீம் கோடுகள். ஒரே பழுதைப் பல கோப்புகளில் திருத்தியபின், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை எனக்குப் பிடிபட்டது. அந்த வரிசையையே இங்கே தருகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிய காரணம் முதலிலும், அதிக நேரம் விழுங்கும் காரணம் கடைசியிலும் வரும்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. குவார்ட்டர் நோட்டைக் கால் நோட்டு என்றும், அதில் பாதியை அரைக்கால் நோட்டு என்றும், அதிலும் பாதியை வீச நோட்டு என்றும் எழுதுகிறேன். நம் பின்னப் பெயர்கள் இந்த அளவுகளுக்கு அப்படியே பொருந்துகின்றன. எத்தனை நோட்டுகள் கொண்டதாயினும், இயல்பான பங்கீட்டை மீறிய குழு அனைத்தையும் டியூப்லெட் என்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் கோப்பை வேறொரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். டியூப்லெட்டில் செய்யும் தவறான திருத்தம் பல நேரங்களில் உடனே கண்ணில் படுவதில்லை. கோப்பை மூடித் திறந்த பிறகே தெரியவரும், அப்போது அண்டூவும் உதவாது.

## அறிகுறி 1: டிரிப்லெட் பாதி அளவில் அல்லது இரட்டை அளவில் வந்து விழுகிறது

ஏறத்தாழ எப்போதும் இதற்குக் காரணம் ஒன்றுதான்: ஒரு மென்பொருளின் பழக்கத்தை இன்னொன்றில் கையாள்வது. மியூஸ்கோரில் முதலில் சொல்ல வேண்டியது குழுவின் மொத்த நீளம். ஒரு கால் நோட்டின் இடத்தில் மூன்று அரைக்கால் நோட்டுகள் வேண்டுமானால், கால் நோட்டுக்குரிய 5 என்ற விசையை அழுத்திவிட்டு, அதன்பின் கண்ட்ரோலையும் 3ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். அரைக்கால் நோட்டுக்குரிய 4ஐ அழுத்தினால், அரைக்கால் நோட்டின் இடத்துக்குள் மூன்று வீச நோட்டுகள் வந்து அமர்ந்துவிடும். சிபேலியஸில் வழி நேர்மாறானது: குழுவின் முதல் நோட்டை அதன் எழுத்தளவில், அதாவது அரைக்கால் நோட்டாக, எழுதிவிட்டுப் பிறகு கண்ட்ரோலையும் 3ஐயும் அழுத்த வேண்டும். டோரிக்கோவும் இந்தப் பக்கமே சாய்கிறது. அரைக்கால் நோட்டைத் தேர்ந்து, அரைப்புள்ளி விசையை அழுத்தி, திறக்கும் சிறு பெட்டியில் 3:2 என்று எழுதினால் அரைக்கால் நோட்டுகளால் ஆன டிரிப்லெட் கிடைக்கும். ஆக மியூஸ்கோருக்கு மொத்தத்தைச் சொல்ல வேண்டும், மற்ற இரண்டுக்கும் அலகைச் சொல்ல வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து இசைத்தாளை உருவாக்கும் லில்லிபாண்டில் எழுதுபவர்களுக்கு இதே குழப்பம் வேறு உருவில் வருகிறது. இப்போதைய டியூப்லெட் கட்டளைக்கு 3/2 என்று கொடுக்க வேண்டும். பழைய கோப்புகளில் காணப்படும் டைம்ஸ் கட்டளைக்கு 2/3 என்று கொடுக்க வேண்டும். பழைய வரியை நகலெடுத்துக் கட்டளைப் பெயரை மட்டும் மாற்றிப் பின்னத்தைத் திருப்ப மறந்தால், நோட்டுகள் சுருங்குவதற்குப் பதிலாக நீண்டுவிடும்.

தவறான அளவில் குழு வந்துவிட்டால், உள்ளே இருக்கும் நோட்டுகளின் நீளத்தை ஒவ்வொன்றாக மாற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம். அப்படிச் செய்தால் குழுவின் எல்லை பழைய இடத்திலேயே நிற்க, மிச்சம் ரெஸ்ட்டுகளால், அதாவது மௌனக் குறிகளால், நிரம்பும். அண்டூ செய்து, சரியான அளவில் மீண்டும் தொடங்குவதே விரைவான வழி.

### குழு முடிந்த பின்னும் டிரிப்லெட் தொடர்கிறது

இது டோரிக்கோவில் மட்டும் வரும் கேள்வி. அங்கே டியூப்லெட் ஒரு முறை தொடங்கினால், நிறுத்தச் சொல்லும்வரை அடுத்தடுத்த நோட்டுகளும் அதே விகிதத்திலேயே எழுதப்படும். முக்காற்புள்ளி விசையை அழுத்தினால் இயல்பு நிலைக்குத் திரும்பும். பக்கம் முழுதும் டிரிப்லெட்டுகளாக ஓடும் இசைக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதியானது, ஆகவே இதைப் பழுதாகக் கருத வேண்டியதில்லை.

## அறிகுறி 2: எண்ணை அழித்தேன், நோட்டுகளும் போய்விட்டன

ஒரே பக்கத்தில் நாற்பது டிரிப்லெட்டுகள் இருந்தால் நாற்பது 3களும் கண்ணை உறுத்தும். முதல் இரண்டு மெஷர்களில், அதாவது செங்குத்துக் கோடுகளால் பிரிந்த தாளப் பகுதிகளில், எண் இருந்தால் வாசிப்பவருக்குப் போதும், மற்றவற்றை எடுத்துவிடலாம் என்ற எண்ணம் முற்றிலும் சரியானது. அதைச் செய்யும் முறையில்தான் தவறு நேர்கிறது. மியூஸ்கோரில் அந்த 3 வெறும் அலங்கார எண் அன்று. குழுவைப் பிடித்து நிறுத்தும் கைப்பிடி அதுதான். அதைத் தேர்ந்து டெலீட்டை அழுத்தினால் குழுவே நீங்கி, அந்த இடத்தில் ரெஸ்ட் வந்து அமரும்.

உடனே கவனித்தால் அண்டூ போதும். பிறகு எண்ணைத் தேர்ந்து, பண்புகள் பலகையில் எண் வேண்டாம் என்ற தெரிவைக் கொடுங்கள். அடைப்புக்கோடு இருந்தால் அதற்கும் அப்படியே. பல எண்களை ஒரே நேரத்தில் மறைக்க, ஒன்றின்மேல் வலது கிளிக் செய்து, அதையொத்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்தலாம். கண்ணுக்குப் புலப்படாமல் ஆக்கும் V விசையும் உண்டு. ஆனால் நான் பண்புகள் வழியையே விரும்புகிறேன்: அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர், மறைந்து கிடக்கும் சாம்பல் நிற எண்களைக் கண்டு பழுதென்று நினைத்துத் திருத்தத் தொடங்கும் வாய்ப்பு அதில் குறைவு.

வெகுநேரம் கழித்துக் கவனித்தால் முன்பு சேமித்த நகலைத் திறந்து, இழந்த மெஷர்களை மட்டும் அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். நினைவிலிருந்து மீண்டும் எழுதுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

## அறிகுறி 3: பீம் கோடுகள் தவறான நோட்டுகளைச் சேர்க்கின்றன

என் நேரத்தை மிக அதிகமாக எடுத்துக்கொண்ட அறிகுறி இது. ஒலி முழுமையாகச் சரியாக இருந்தும் வாசிப்பு தடுமாறுவதற்கு இதுவே காரணமாகிறது. ஓர் ஒத்திகைக்காக 7/8 தாளத்தில் அமைந்த துண்டு ஒன்றின் ஃபுளூட் தாளை ஒருவரும் கிளாரினெட் தாளை இன்னொருவரும் தனித்தனிக் கோப்புகளில் தயாரித்திருந்தார்கள். ஒன்றில் பீம்கள் 3+2+2 என்று பிரிந்திருந்தன, மற்றதில் 2+2+3 என்று. இருவரும் ஒரு நோட்டையும் தவறவிடவில்லை, நீளத்திலும் பிழையில்லை. ஆனால் அழுத்தம் ஒருவருக்கு நான்காம் அரைக்கால் நோட்டிலும் மற்றவருக்கு மூன்றாம் அரைக்கால் நோட்டிலும் விழுந்ததால், சேர்ந்து வாசிக்கும்போது துண்டு நொண்டியது. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தபோது முதல் மெஷரிலேயே விடை இருந்தது.

### முதல் சோதனை: யாரோ கையால் மாற்றியிருக்கிறார்களா

சந்தேகமுள்ள மெஷர்களைத் தேர்ந்து, பீம்களை இயல்புநிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுங்கள். மியூஸ்கோரில் வடிவமைப்புப் பட்டியில் ரீசெட் பீம்ஸ் என்றும், டோரிக்கோவில் பீமிங் பட்டியில் ரீசெட் பீமிங் என்றும், சிபேலியஸில் ரீசெட் நோட்ஸ் பகுதியில் பீம் குரூப்ஸ் என்றும் அது இருக்கும். இதனால் பீம்கள் சரியாகிவிட்டால், பழைய கைத்திருத்தம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். நோட்டுகளை நகலெடுத்து வேறு மெஷரில் ஒட்டும்போது இந்தக் கைத்திருத்தங்களும் கூடவே பயணிக்கின்றன. பீம் பிழைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பரவுகின்றன.

### இரண்டாம் சோதனை: தாளக்குறியே தவறா

மெஷருக்குள் ஆறு அரைக்கால் நோட்டுகள் மூன்று இரட்டைகளாக நின்றால் தாளக்குறி 3/4 என்று எழுதப்பட்டிருக்கும், இரண்டு மும்மைகளாக நின்றால் 6/8 என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டிலும் மொத்த நீளம் ஒன்றே என்பதால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. இசை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைக் கேட்டுப் பார்த்துத் தாளக்குறியை மாற்றுங்கள். பீம்களை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டாம்.

### மூன்றாம் சோதனை: பிரிவுமுறை சொல்லப்பட்டிருக்கிறதா

5/8, 7/8 போன்ற தாளங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இயல்பான பிரிவுகள் உண்டு. நீங்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் தன் வழக்கப்படி ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். மியூஸ்கோரில் தாளக்குறியின் பண்புகளைத் திறந்தால் நோட்டுகள் வரிசையாகத் தெரியும்; எங்கே பிரிய வேண்டுமோ அந்த நோட்டைக் கிளிக் செய்தால் அங்கே பீம் உடையும். டோரிக்கோவில் தாளக்குறிக்கான பெட்டியை ஷிஃப்டும் M விசையும் சேர்த்து அழுத்தித் திறந்து [3+2+2]/8 என்று சதுர அடைப்புக்குள் எழுதினால், தாளில் 7/8 என்றே தெரியும், பீம்கள் மட்டும் அந்தப் பிரிவுப்படி அமையும். ஒரே மாற்றத்தில் துண்டு முழுதும் சீராவதால், இருநூறு மெஷர்களில் பீம்களைக் கையால் உடைப்பவர்களைக் காணும்போதெல்லாம் இதை முதலில் சொல்லித் தருகிறேன். பிரிவை மாற்றிய பின்னும் சில மெஷர்கள் அடங்காவிட்டால், முதல் சோதனைக்குத் திரும்புங்கள்; அங்கே கைத்திருத்தம் ஒளிந்திருக்கும்.

### நான்காம் சோதனை: நோட்டின் எழுத்தே பீமுக்கு இடையூறா

4/4 மெஷரின் நடுப்புள்ளி, அதாவது மூன்றாம் தட்டின் தொடக்கம், வாசிப்பவர் கண் தேடும் இடம். அதைத் தாண்டி நீளும் ஒரு நோட்டு, டையால் (இரு நோட்டுகளை ஒரே ஒலியாக இணைக்கும் வளைகோட்டால்) பிரித்துக் காட்டப்படாமல் ஒரே நோட்டாக நின்றால், அதன் இருபுறமும் உள்ள பீம்கள் விசித்திரமாக உடையும். இங்கே திருத்த வேண்டியது நோட்டை. மியூஸ்கோரில் தாளங்களை மறுகுழுவாக்கும் கட்டளை ஒன்று கருவிகள் பட்டியில் உண்டு. சிறு பகுதிகளுக்கு அது உதவும், துண்டு முழுதுக்கும் ஒரே வீச்சில் பயன்படுத்துவதை நான் தவிர்க்கிறேன், ஏனெனில் நான் வேண்டுமென்றே எழுதியவற்றையும் அது தன் விதிப்படி மாற்றி எழுதிவிடும்.

## அறிகுறி 4: மெஷரில் காலம் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது

முதலில், மெஷரின் மேல் சிறிய கூட்டல் அல்லது கழித்தல் குறி தெரிகிறதா என்று பாருங்கள். மியூஸ்கோரில் அந்தக் குறி, மெஷரின் நீளம் தாளக்குறியிலிருந்து வேறுபட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. துண்டின் தொடக்கத்தில் வரும் அரைகுறை மெஷருக்கு அது இயல்பானது. அங்கே எதையும் திருத்த வேண்டாம்.

கோப்பைத் திறக்கும்போதே சிதைவு என்ற எச்சரிக்கை வந்தால் கதை வேறு. அதன் விவரத்தைத் திறந்து பாருங்கள்: எந்த மெஷர், எந்த வரி, எதிர்பார்த்த நீளம் எவ்வளவு, கண்ட நீளம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். பலர் இந்தப் பின்னத்தைப் படிக்காமலே எச்சரிக்கையை மூடிவிடுகிறார்கள், ஆனால் நோயின் பெயரே அதில் இருக்கிறது. எதிர்பார்த்தது 4/4, கண்டது 9/8 என்றால் ஓர் அரைக்கால் நோட்டு கூடியிருக்கிறது; டிரிப்லெட் ஒன்று தன் விகிதத்தை இழந்து மூன்று முழு அரைக்கால் நோட்டுகளாகிவிட்டது என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கண்டது 11/12 என்றால் டிரிப்லெட்டுக்குள் ஒரு நோட்டு குறைகிறது, ஏனெனில் கால் நோட்டை மூன்றாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் முழு நோட்டில் 1/12. பின்னத்தின் கீழ் எண் 3ஆல் வகுபட்டால் மூன்றின் குழுவையும், 5ஆல் வகுபட்டால் ஐந்தின் குழுவையும் முதலில் சந்தேகியுங்கள். கீழ் எண் 16 போன்று வெறும் இரட்டிப்பு எண்ணாக இருந்து, விகிதமிழந்த குழுவும் இல்லையென்றால், சாதாரண நோட்டோ ரெஸ்ட்டோ கூடியோ குறைந்தோ இருக்கிறது.

திருத்தும்போது, பழுதான வரியின் அந்த ஒரு மெஷரை மட்டும் தேர்ந்து டெலீட்டை அழுத்துங்கள். அது முழு ரெஸ்ட்டாக மாறினால், சேமித்து மூடித் திறந்து எச்சரிக்கை நின்றதா என்று பார்த்து, பின் நோட்டுகளை எழுதுங்கள். எச்சரிக்கை மீண்டும் வந்தால், அருகில் புதிய வெற்று மெஷர் ஒன்றைச் செருகி, நல்ல வரிகளை மட்டும் அங்கே நகலெடுத்து, கெட்ட வரியைக் கையால் எழுதி, பழைய மெஷரை நீக்குங்கள். கெட்ட மெஷரை அப்படியே நகலெடுத்தால் சிதைவும் கூடவே வந்துவிடும்.

ஒரே கோப்பில் பத்துக்கு மேற்பட்ட மெஷர்கள் இப்படிச் சிதைந்திருந்தாலோ, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைந்தாலோ, நான் அங்கே நிறுத்திவிடுவேன். அந்த மென்பொருளின் கோப்பு அமைப்பை அறிந்தவரிடம் கொடுக்க வேண்டிய நேரம் அது.

## அறிகுறி 5: நகலெடுத்து ஒட்ட மறுக்கிறது

குழுவின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்திருப்பது முதல் காரணம். குழுவின் முதல் நோட்டைக் கிளிக் செய்து, ஷிஃப்டைப் பிடித்துக் கடைசி நோட்டைக் கிளிக் செய்து, முழுக் குழுவும் தேர்வில் வந்ததா என்று பார்த்து மீண்டும் முயலுங்கள். ஒட்டும் இடம் மெஷரின் முடிவுக்கு மிக அருகில் இருப்பது இரண்டாம் காரணம். மியூஸ்கோரில் டியூப்லெட் மெஷர் கோட்டைத் தாண்ட முடியாது. தாளக்குறியை மாற்றும்போது அது மறுப்பதற்கும் இதுவே காரணம். அப்படிப்பட்ட இடத்தில் தாளக்குறியை மாற்றும் முன், புதிய மெஷர் கோடு விழப்போகும் இடத்திலுள்ள குழுவை நீக்கி, மாற்றிய பின் மீண்டும் எழுத வேண்டும். கோட்டைத் தாண்டும் குழு இசைக்கு உண்மையிலேயே தேவையென்றால் டோரிக்கோ அதை இயல்பாக அனுமதிக்கிறது.

ஒரே தாளக் குழு வேறு வேறு சுருதிகளில் பலமுறை வருமானால், தாளத்தை மட்டும் ஒட்டிவிட்டு, சுருதிகளை மட்டும் மாற்றும் முறையைக் கைக்கொள்ளுங்கள். மியூஸ்கோரில் ரீபிட்ச் முறை, சிபேலியஸில் சுருதிகளை மறுபடி இடும் கட்டளை, டோரிக்கோவில் L விசையால் இயங்கும் நீளப்பூட்டு ஆகியவை இதற்கென்றே உள்ளன. குழுக்களை மீண்டும் மீண்டும் உருவாக்காததால் பிழைக்கு வழியே இல்லாமல் போகிறது.

## அறிகுறி 6: வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பில் குழுக்கள் சிதறியிருக்கின்றன

ஃபினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளின் மேம்பாடு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகு, பழைய கோப்புகளை, மென்பொருள்களுக்கிடையே இசைத்தாளைக் கடத்தும் மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவம் வழியாக வேறிடத்துக்கு மாற்றுபவர்கள் பலர். அந்த வடிவத்தில் டியூப்லெட்டின் விகிதம் ஓரிடத்திலும், எண்ணையும் அடைப்புக்கோட்டையும் காட்டும் குறிப்பு வேறோரிடத்திலும் எழுதப்படுகின்றன. ஆகவே இரண்டு விதமான இழப்பு நேரலாம். எண் தெரியவில்லை, ஆனால் மெஷர் கணக்குச் சரி என்றால் காட்சிக்குறிப்பு மட்டுமே தொலைந்திருக்கிறது. பண்புகளில் எண்ணை இயக்கினால் போதும். எண் தெரியாததோடு மெஷரின் கணக்கும் தவறென்றால் விகிதம் தொலைந்திருக்கிறது. அந்தக் குழுவை மீண்டும் எழுத வேண்டும்.

தாளின் எழுத்தையல்லாமல் நோட்டுகள் ஒலிக்கும் நேரத்தைப் பதியும் மிடி கோப்பாக இருந்தால் சிக்கல் ஆழமானது. ஒரு கால் நோட்டுக்கு 480 துடிப்புகள் என்ற பரவலான அளவில், மூன்றின் குழுவுக்கு 160ம், ஐந்தின் குழுவுக்கு 96ம் மிச்சமின்றி வரும். ஏழின் குழுவுக்கு அப்படி வருவதில்லை: 69 வீதம் ஏழு நோட்டுகளானால் 483 ஆகி மூன்று துடிப்பு கூடும், 68 வீதமானால் 476 ஆகி நான்கு குறையும். இந்தச் சிறு மிச்சத்தை மென்பொருள் நுண்ணிய ரெஸ்ட்டுகளாகவும் டைகளாகவும் எழுதித் தள்ளும். இறக்குமதிப் பலகையில் எந்தெந்த டியூப்லெட்டுகளைத் தேட வேண்டும் என்ற தெரிவு இருந்தால், இசையில் உள்ளவற்றை மட்டும் குறியிட்டு மீண்டும் இறக்குமதி செய்து பாருங்கள். அதன்பிறகும் ஏழின் குழுக்கள் சிதறினால் அவற்றைக் கையால் எழுதுவதே குறுகிய வழி. ரெஸ்ட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சரிசெய்ய முயன்று மாலைப்பொழுது முழுதும் இழந்திருக்கிறேன்.

## அறிகுறி 7: கேட்பது ஒன்று, காண்பது ஒன்று

ஸ்விங் அமைப்பு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அது அரைக்கால் நோட்டுகளை டிரிப்லெட் போல ஒலிக்கவைக்கும். அடுத்து, மறைத்துவைத்த எண்ணோ ரெஸ்ட்டோ உண்டா என்று பாருங்கள். மூன்றாவது, ஒரே வரியில் இணையாக ஓடும் இரண்டாம் குரலில் எழுதப்பட்ட நோட்டு முதல் குரலின் மேல் படிந்திருக்கலாம்.

6/8 தாளத்தில் இரண்டின் குழு தொல்லை தந்தால், அதை டியூப்லெட்டாக எழுதாமல் இரண்டு புள்ளியிட்ட அரைக்கால் நோட்டுகளாக எழுதிவிடலாம்; நான்கின் குழுவை நான்கு புள்ளியிட்ட வீச நோட்டுகளாக எழுதலாம். நீளம் துல்லியமாக அதுவே, ஏற்றுமதியிலும் சிதறாது.

## நிபுணரிடம் எப்போது, என்னவற்றோடு

குழுவுக்குள் குழு, அதுவும் பல பாகங்களில் என்று வந்தால், அச்சிட்ட தாள்கள் ஏற்கெனவே கைகளுக்குப் போய்விட்டிருந்தால், அல்லது மேலே சொன்ன சிதைவு பரவிக்கொண்டே இருந்தால், இசைத்தாள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவரிடம் ஒப்படையுங்கள். அவருக்கு அனுப்ப வேண்டியவை: நீங்கள் தொடுவதற்கு முன் சேமித்த முதல் கோப்பு, இப்போதைய கோப்பு, மியூசிக்எக்ஸ்எம்எல் ஏற்றுமதி, சரியாக இருந்தபோது எடுத்த பிடிஎஃப் இருந்தால் அதுவும், மென்பொருளின் பதிப்பு எண், பழுதான மெஷர்களின் எண்கள். இவற்றில் முதல் கோப்பு மிக முக்கியமானது. திருத்த முயன்ற கோப்பு மட்டும் வந்தால், மூலப் பழுது எது, திருத்தத்தால் விளைந்தது எது என்று பிரிப்பதற்கே அவர் தம் வேலைநேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட நேரும்.